துடக்கு வீட்டு முதற்பாட்டு

ஜெனிற்றாவுக்கு முகங்கள் மறந்துபோகும், குரல்கள் மறக்காது. யாழ்ப்பாணச் சந்தைக்குள் யாராவது ஒரு பெண், "ரீச்சர், என்னைத் தெரியேல்லையோ?" என்று வழிமறித்தால், கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பாள். அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் கதைத்ததும், "நீ பின்வரிசையிலை தூணுக்குப் பக்கத்திலை நிண்டு பாடினனியெல்லே?" என்பாள். பெயர் அப்போதும் வராது. கூட வந்த புருஷன் நதானியேல்தான் அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டுச் சமாளிப்பான். நதானியேல் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞன். மனைவி மறக்கும் முகங்களை நினைவில் வைத்திருப்பது அவனுடைய உபதொழில்.

மிஷன் காலத்தில் தொடங்கிய ஒரு பெண்கள் பாடசாலையில் அவள் சங்கீத ஆசிரியை. படித்ததும் அங்கேதான். அந்தப் பள்ளியில் வருஷம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டேயிருக்கும். தை பிறந்தால் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி, அதற்குப் பந்தல் சோடனை, பாண்ட் வாத்தியம். பிறகு பரிசளிப்பு விழா, வலைப்பந்து, ஆசிரியர் தினம், வாணி விழா. கடைசியாக மார்கழியில், மதிலுக்கு அடுத்த பக்கத்துக் கிறிஸ்தவக் கோயிலில் கரோல் ஆராதனை. மற்றதெல்லாம் எல்லாருடைய விழாக்கள். கரோல் மட்டும் ஜெனிற்றாவின் பொறுப்பு.

கரோல் தொடங்கும் முறை அந்த ஊர் முழுக்கத் தெரிந்தது. பொழுதுபட்டதும் கோயில் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். இருமல்கள் அடங்கும். பின்னாலிருந்து ஒரு பிள்ளையின் குரல் மாத்திரம் எழும்பும். வாத்தியம் கிடையாது. முதற்பாட்டின் முதல் அடிகளை அந்தப் பிள்ளை தனியே பாடி முடித்த பிறகுதான் ஓர்கன் சேரும், மெழுகுதிரிகளோடு மற்றப் பிள்ளைகள் வருவார்கள். வருஷத்துக்கு ஒரு பிள்ளை. ஒருமுறை பாடியவருக்கு மறுமுறை இல்லை. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பழைய மாணவிகள் இன்றைக்கும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்யும்போது, "இவ முதற்பாட்டுப் பாடினவ" என்று சொல்வதுண்டு.

ஜெனிற்றாவுக்கும் ஒருமுறை அது கிடைத்தது. அவளைத் தெரிவு செய்த வருஷம் தொண்ணூற்றைந்து. யுத்தம் நெருங்கியதால், ஐப்பசிக் கடைசியில் ஒரு மழை இரவில் வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. அவளும் தகப்பனின் சைக்கிள் பின்சீற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த மார்கழியில் கரோலைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது முதற்பாட்டு வேறொரு பிள்ளைக்குப் போனது. கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் நதானியேலிடம் இதைச் சொன்னாள். வேறு யாருக்கும் சொன்னதில்லை.

போன வருஷம் முதற்பாட்டு பிழையாய்ப் போனது. பாடவேண்டிய பிள்ளை பயத்தில் உச்சத்தில் எடுத்துவிட்டாள். மூன்றாம் வரியில் குரல் உடைந்தது. இருட்டுக்குள் ஒரு நீண்ட மௌனம். யாருடையதோ கைபேசி அடித்தது. பிள்ளை அழுதபடி ஓடிப்போக, ஜெனிற்றா ஓர்கனைத் தட்டி நிலைமையைச் சமாளித்தாள். கோயில் சபைச் செயலாளர் நேசையா அடுத்த கூட்டத்திலேயே எழும்பினார்.

"பிள்ளையளை ஏன் உப்பிடி வதைக்கிறியள்? கீபோர்ட்டிலை வாசிச்சு விடுங்கோ. அல்லது நல்ல பதிவொண்டைப் போடுங்கோ. இப்ப எல்லா இடமும் அப்பிடித்தானே."

அதிபர் பியாட்றிஸ் ஒரு வருஷத் தவணை வாங்கிக் கொடுத்தார். "இந்த முறையும் பிழைச்சால் நான் ஒண்டும் கதைக்கேலாது, ஜெனிற்றா. அடுத்த வருஷம் கீபோர்ட்தான்."

ஆகவே ஜெனிற்றா தை மாதத்திலிருந்தே குரல் தேடினாள். சமயப் பாட வகுப்பில் தேடினாள், பாண்ட் குழுவில் தேடினாள். கிடைத்ததோ வாணி விழாவில். மண்டபத்துக்கு வெளியே குடையோடு போய்க்கொண்டிருந்தவள், உள்ளே ஒரு பிள்ளை சகலகலாவல்லி மாலை பாடக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். குடையை மடக்கவும் மறந்து மண்டபத்துக்குள் போனாள். பத்தாம் வகுப்பு சாருஜா. கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிறவள். தகப்பன் தேவராசா வெங்காயத் தோட்டக்காரர். பாட்டுக் குழுவில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள்தான் என்பதால் அதில் புதினம் இல்லை. ஆனாலும் முதற்பாட்டு என்பதால் ஜெனிற்றா தகப்பனிடம் கேட்டாள்.

"பாட்டுத்தானே ரீச்சர், பாடட்டும்" என்றார் தேவராசா. "வீட்டிலை மாட்டுக்கும் உதைத்தான் பாடிக் காட்டுறாள். மாடு ஒண்டும் சொல்லேல்லை."

பயிற்சி பள்ளி மண்டபத்தில் நடந்தது. சாருஜா கடைசி வரிசைக் கதிரைகளுக்குப் பின்னால் நின்று பாடுவாள். ஜெனிற்றா மேடைக்குப் பக்கத்தில் பியானோவில் இருப்பாள். பிள்ளை அவசரப்படமாட்டாள். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவர்கள் பாத்தி நிறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பதுபோல, ஒரு வரி முழுதாக அடங்கிய பிறகுதான் அடுத்த வரியைத் திறப்பாள். ஜெனிற்றா பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கரோலுக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை சாருஜா பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய வகுப்புத் தோழி அனுஜா வந்து வாசலில் நின்றாள்.

"ரீச்சர், சாருஜாவின்ரை பெரியப்பா மோசம் போயிட்டார். சீவரத்தினம் எண்டு, தேப்பனின்ரை சொந்தத் தமையன்."

"ஐயோ. என்ன வருத்தம்?"

"நெஞ்சு நோவாம்." அனுஜா தயங்கினாள். "ரீச்சர், அவைக்குச் செத்த வீட்டுத் துடக்கெல்லே. முப்பத்தொண்டாம் நாள் முடியும்வரை கோயிலுக்குப் போகேலாது."

ஜெனிற்றா கதிரையில் இருந்துவிட்டாள். "எங்கடை கோயிலுக்கும் அது பொருந்துமோ?"

"தெரியேல்லை ரீச்சர். கோயில் கோயில்தானே."

அன்று முழுவதும் ஆசிரியைகளின் ஓய்வறையில் இதுதான் கதை. துடக்கு என்கிற தீட்டு இருந்தாலும் பாடசாலைக்கு வரலாம், சந்தைக்குப் போகலாம், கோயிலுக்கு மட்டும் போகக்கூடாது. ஆனால் வேற்றுச் சமயக் கோயில் அந்தக் கணக்கில் வருமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சைவ ஆசிரியைகளே இரண்டு கட்சியானார்கள். அதிபர், "அனுஜாவை ஆயத்தம் செய்யுங்கோ" என்றார். அனுஜாவைப் பாடச் சொன்னார்கள். ராகம் பிசகவில்லை. கால்கள் மட்டும் நடுங்கின. ஜெனிற்றா அந்த நடுக்கத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

செத்த வீட்டன்று நதானியேலின் மோட்டார் சைக்கிளில் கோப்பாய்க்குப் போனாள். பெண்கள் இருந்த பாயில் ஓரமாக இருந்தாள். சாருஜா அழுது வீங்கிய முகத்தோடு வந்து கையைப் பிடித்தாள். அந்த வீட்டில் கரோலைப் பற்றிக் கேட்பதற்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நெஞ்சுக்குள் சுற்றிக்கொண்டேயிருந்தது. திரும்ப வரவேண்டும், வந்து கேட்கவேண்டும், எப்படிக் கேட்பது என்று யோசித்தபடியே எழும்பியவள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அப்ப, போட்டு வாறன்."

பந்தலில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. செத்த வீட்டில் சொல்லாமல்தான் எழும்பிப் போவார்கள். சைவமென்றாலும் கிறிஸ்தவமென்றாலும் யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். 'வாறன்' என்பது இன்னொரு சாவுக்கு நாள் வைப்பதுபோல. செத்தவரின் தங்கை நல்லம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன ரீச்சர்? அடுத்தது ஆர் போறதெண்டு முடிவெடுத்திட்டு வாறியள்?"

மூலையில் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தாள். ஜெனிற்றா காலில் அகப்பட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு படலையை நோக்கி நடந்தாள். செருப்பு மாறிப் போட்டது இருபாலைச் சந்தி தாண்டித்தான் தெரிந்தது.

"உன்ரை செருப்பு எங்கையப்பா?" என்றான் நதானியேல்.

"கதையாதேங்கோ."

"திரும்பிப் போவமோ? 'வாறன்' எண்டு சொன்னனீதானே."

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். வீட்டுக்கு வந்து தலை முழுகும்போதும் முகம் சுட்டது.

திரும்பிப் போகத்தான் வேண்டியிருந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பின்னேரம், யாருடையதோ செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். வழி முழுக்க ஒரு வாசகத்தை ஆயத்தம் பண்ணினாள்: 'எங்கடை கோயில் உங்கடை மாதிரி இல்லை. அது கூட்டம் கூடுற மண்டபம் மாதிரித்தான். அங்கை துடக்கெண்டு ஒண்டும் இல்லை.' கேட்க நன்றாகத்தான் இருந்தது. நேசையா கேட்டிருந்தால் அவளைச் சபையிலிருந்து நீக்கியிருப்பார்.

முற்றத்தில் வெங்காயம் காயப் போட்டிருந்தது. நல்லம்மாதான் முதலில் கண்டாள்.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ! சொன்ன மாதிரி வந்திட்டா!" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தாள். பிறகு ஜெனிற்றாவின் முகத்தைப் பார்த்து இரங்கினாள். "வாங்கோ ரீச்சர். அண்டைக்கு நான் கேட்டது பிழை. ஆனால் அந்தத் துக்கத்துக்குள்ளை எங்களுக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒருக்கால்தான். புருஷனைப் பறிகுடுத்த மச்சாள்கூடச் சிரிச்சவ. அதுக்குப் பிறகுதான் ஒரு வாய் சோறு சாப்பிட்டவ. செருப்புக் கொண்டந்தியளோ? அது என்ரை."

இந்த வரவேற்பில் ஜெனிற்றாவின் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கியது. பால் விடாத தேத்தண்ணீர் வந்தது. தேவராசா வந்தார். அவருடைய சித்தப்பா ஏரம்பு சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். குடும்பத்தில் மூத்த ஆண் அவர்தான். தேவராசாவுக்குச் சம்மதம் போலத் தெரிந்தது. ஆனால் சித்தப்பாவை மீறிப் பேச அவருக்குத் துணிவில்லை.

"சித்தப்பு என்ன சொல்லுறாரோ, அதுதான் ரீச்சர்."

ஏரம்பு எழுந்து உட்கார்ந்தார். "பிள்ளை பாடுறது நல்லதுதான். சீவரத்தினத்துக்கும் அவள் பாடினால் விருப்பம். எனக்கு ஒரேயொரு விசயம் தெரியவேணும். அந்தக் கோயில் ஆள் நீங்கள், நீங்களே சொல்லுங்கோ. உங்கடை கோயில் கோயிலோ, இல்லையோ?"

ஆயத்தம் பண்ணிய வாசகம் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் பிள்ளை வருவாள். ஜெனிற்றா தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தாள். அவள் ஞானஸ்நானம் பெற்றதும் தாலி கட்டிக்கொண்டதும் தகப்பனை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

"கோயில்தான், ஐயா" என்றாள்.

"அதுதானே!" ஏரம்புவுக்குச் சந்தோஷம். வழக்கில் வென்றவர்போல எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "கோயிலெண்டால் உள்ளுக்குப் போகேலாது. முடிஞ்சுது."

"முடிஞ்சுது" என்று ஜெனிற்றாவும் மெதுவாகச் சொன்னாள். கீபோர்ட்டின் சத்தம் காதுக்குள் கேட்டது. எழும்பலாம் என்று கோப்பையை வைத்தாள்.

அப்போது குசினி வாசலில் நின்ற சாருஜா, "ரீச்சர், முதற்பாட்டு வெளியிலை நிண்டெல்லே பாடுறது?" என்றாள்.

ஜெனிற்றா திரும்பிப் பார்த்தாள்.

"போன வருஷம் நான் பாடாமல் பின்வரிசையிலை மெழுகுதிரி மட்டும் பிடிச்சனான். அந்த அக்கா வாசல் படிக்குக் கீழை, முற்றத்திலை நிண்டுதான் பாடத் தொடங்கினவ. கதவைத் திறந்து விடுவினம். பாடி முடிச்ச பிறகுதான் நாங்கள் எல்லாரும் உள்ளுக்குப் போறது."

இத்தனை வருஷமும் ஜெனிற்றா இருந்தது முன்பக்கத்து ஓர்கனில். பின்னால் பிள்ளைகளை வரிசைப்படுத்துவது வேறு ஆசிரியைகளின் வேலை. இருட்டில் அவளுக்குக் குரல் வரும். குரல் வந்தால் போதும். படித்த காலத்தில் பார்த்ததும் மறந்துபோயிருந்தது; அது எந்தப் படியில் நின்று வருகிறதென்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. பள்ளி மண்டபத்துப் பயிற்சியில் சாருஜா உள்ளே நின்றதால், கோயிலிலும் உள்ளே என்றே மனம் முடிவுகட்டியிருந்தது.

"வெளியிலையோ?" என்றார் ஏரம்பு.

"ஓம் ஐயா. வெளியிலைதான்." அவளுடைய குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்டது.

"வெளிவீதியிலை நிண்டு கும்பிடுறதை ஆரும் தடுக்கேலாது. எங்கடை கோயிலிலையும் துடக்குக்காரர் தெருவிலை நிண்டு கும்பிடுறவைதானே." ஏரம்பு மறுபடி சாய்ந்துகொண்டார். "பாடட்டும். படியிலை கால் வைக்கக்கூடாது. நானும் வந்து பாப்பன்."

நல்லம்மா ஜெனிற்றாவின் தோளைத் தட்டினாள். "மூச்சை விடுங்கோ ரீச்சர். இன்னொரு செத்த வீட்டுக்கு வழி வைக்காதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மேகம் கறுத்தது. நாலு மணிக்குத் தூறத் தொடங்கி, ஐந்தரைக்கு நல்ல மழையாகிவிட்டது. மழை என்றால் பிள்ளைகளைக் கோயில் முகப்புக் கூரைக்குள் நிறுத்துவது வழக்கம். ஜெனிற்றா வாசலுக்கு ஓடினாள். அங்கே சாருஜா, தேவராசா, நல்லம்மா, பெரிய கறுப்புக் குடையோடு ஏரம்பு. நேசையா அவர்களை, "உள்ளை வாங்கோ, ஏன் நனையிறியள், உள்ளை வாங்கோ" என்று கை பிடித்து இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை ஐயா, நாங்கள் துடக்கு" என்றார் ஏரம்பு.

"இஞ்சை அதெல்லாம் இல்லை. ஆரும் வரலாம்."

"உங்களுக்கு இல்லை. எங்களுக்கு இருக்கு."

நேசையா முகப்புக் கூரையைக் காட்டினார். "அப்ப இந்த முகப்புக்குள்ளையாவது நில்லுங்கோவன். இது கோயில் இல்லை, வாசல்."

முகப்பு உள்ளா, வெளியா என்று இரண்டு கிழவர்களும் மழைக்குள் நின்று தர்க்கப்பட்டார்கள். ஏரம்பு மேலே அண்ணாந்து பார்த்து, கூரைப் பீலியைக் காட்டினார். "தண்ணி விழுற கோட்டுக்கு இங்காலை வெளி. அங்காலை உள். நாங்கள் இங்காலை." அதோடு பேச்சு முடிந்தது. பீலிக்கு இந்தப் பக்கம் மணலில் சாருஜாவை நிறுத்தி, குடையைப் பிடித்தார். தன் தோளில் மழை விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"ரீச்சர், மழைச் சத்தத்துக்குள்ளை உங்களுக்குக் கேக்குமோ?" என்றாள் சாருஜா.

"நீ மழையோடை போட்டி போடாதை. அது தன்ரை பாட்டுக்குப் பெய்யட்டும். நீ உன்ரை பாட்டுக்குப் பாடு."

மேலே எதுவும் சொல்ல நேரம் இருக்கவில்லை. ஜெனிற்றா நடு வழியாக முன்னுக்குப் போய் ஓர்கனில் இருந்தாள். விளக்குகள் அணைந்தன. இருமல்கள் அடங்கின. கூரையில் மழை மட்டும். போன வருஷத்து மௌனமும் இப்படித்தான் தொடங்கியது. அவள் விரல்களை மடியில் கோத்துக்கொண்டாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நனைந்த மண்வாசம் கோயிலுக்குள் புகுந்து முன்வரிசைவரை வந்தது. பிறகும் மழை. பிறகும் மழை.

சாருஜா மழையின் ஒரு அலை தணியும்வரை காத்திருந்திருக்கிறாள். அது தணிந்த இடத்தில் மெல்லத் தொடங்கினாள். சரியான சுருதி. முதல் வரி முழுதாக வந்து சேர்ந்தது, அடங்கியது, பிறகு இரண்டாவது. மூன்றாவது, போன வருஷம் குரல் உடைந்த வரி. அந்த வரியும் வந்தது, கடந்து போனது. எங்கோ ஒரு இருக்கை வாங்கில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நேசையா நிற்கும் பக்கமாகத்தான் இருந்தது. கடைசிச் சொல் அடங்கியபோது ஜெனிற்றாவின் கண்ணால் நீர் ஓடியது. அதைத் துடைக்க நேரமில்லை, ஓர்கன் சேரவேண்டிய இடம் அது, சேர்ந்தாள்.

மெழுகுதிரிகள் வந்தன. அனுஜா முன்னால், கால் நடுங்காமல், முகம் நிறையச் சிரிப்போடு. ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. ஆராதனை முடியும்வரை ஒவ்வொரு பாட்டிலும் வெளியிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டேயிருந்தது. கூட்டத்துக்குள் அதை வேறு யாரும் பிரித்து அறிந்திருக்க மாட்டார்கள்.

முடிந்த பிறகு நேசையா வந்தார். கடைசி வாங்குகள் நனைந்துவிட்டன என்று முறையிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கீபோர்ட்டுக் கதையை விடுவம் ரீச்சர்" என்றார். அதிபர் ஜெனிற்றாவின் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

அவள் ஒரு தட்டில் கிறிஸ்மஸ் கேக்கை எடுத்துக்கொண்டு மழை விட்ட முற்றத்துக்கு ஓடினாள். பீலியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சாருஜாவைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துப்போய் நின்றார்கள். ஏரம்பு தோள் நனைந்த சட்டையோடு நடுவில் நின்று, தானே பாடியவர்போல எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நல்லம்மா தட்டைப் பார்த்தாள். "முட்டை போட்டதோ?"

ஜெனிற்றா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ. போட்டதுதான்."

"துடக்கு முடியும்வரை நாங்கள் மரக்கறிச் சாப்பாடெல்லே, ரீச்சர்."

"ரீச்சருக்குத் துடக்கு வீடெண்டால் ஏதாவது பிழைக்கவேணும்" என்றார் தேவராசா. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஜெனிற்றாவும் சிரித்தாள், அடக்க நினைத்தும் நிற்காத சிரிப்பு. எத்தனையோ கிழமைகளாக உள்ளே இறுகிக் கிடந்தது எல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வந்தது. தன்னுடைய அந்தத் தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆராதனை முழுவதிலும் ஒருமுறையாவது நினைவுக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதை நதானியேலிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். மோட்டார் சைக்கிளில் போகும்போது சொல்லலாம்.

"தகர ரின்னிலை போட்டு மூடி வையுங்கோ" என்றாள் நல்லம்மா. "முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியக் கொண்டு வாங்கோ. இந்தக் கேக் அதுவரை கிடக்கும்தானே?"

"கிடக்கும். வைக்க வைக்கத்தான் ருசி." ஜெனிற்றா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கணம் வாயைத் திறந்து, மூடினாள்.

நல்லம்மாவுக்கு விளங்கிவிட்டது. "சொல்லுங்கோ ரீச்சர், சொல்லுங்கோ. இது கோயில் வாசல். இஞ்சை சொல்லலாம்."

"வாறன்" என்றாள் ஜெனிற்றா.